பழைய ஜெட் படகு வாங்கலாமா? பொங்கோலில் வைத்து லாசரஸ் போக ஆசை

ஞாயிறுப்படகு
வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். போன வருடம் சிங்கப்பூரில் சொந்தப் படகு ஓட்டுவதற்கான பிபிசிடிஎல் உரிமம் எடுத்தேன். அதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒரு படகு கண்ணில் பட்டிருக்கிறது. 15 அடி, ஒற்றை ஜெட் எஞ்சின் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகிற வகை), காற்றை அழுத்தித் திறனைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் உண்டு, நான்கு இருக்கை, 2010 மாடல் சீ-டூ. எரிபொருள் டாங்கி 75 லிட்டர் என்கிறார் விற்பவர். படகு இப்போது பொங்கோல் பக்கம் உலர் மேடையில் இருக்கிறது. அந்த இடத்தையே என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எங்களுக்கு வேண்டியது மூன்று. லாசரஸ் தீவில் போய்க் குளிக்க வேண்டும். பிள்ளைகளை (8, 11 வயது) டியூபில் உட்கார வைத்து இழுக்க வேண்டும். அப்பாவுக்கு மீன் பிடிக்க வேண்டும், அவருக்கு 71, தூண்டில் பைத்தியம். புரொப்பெல்லர் கிடையாது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பதுதான் என்னை இழுத்த முதல் விஷயம். மனைவியின் கட்சி வேறு. பெரியவளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டியிருக்கிறது, முதலில் அதற்குக் காசு எடுத்து வை என்கிறார்.

வைத்திருப்பவர்கள், வைத்திருந்து விற்றவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

நண்டுக்குழம்பு
சாங்கி முனையில் ஆளுக்கு நாலு வெள்ளி கொடுத்தால் பம்போட் என்கிற வாடகைப் படகில் உபின் தீவுக்குப் போகலாம். போய் வந்து நாசி லெமாக் சாப்பிட்டாலும் பல் கம்பிக்குக் காசு மிஞ்சும். என் வேலை முடிந்தது.

கட்டுமரம்60
தம்பி, முதலில் விரல் விட்டு எண்ணுங்கள். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா. ஐந்து. படகில் இருக்கை நாலு. உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சின்னவனை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் பேருந்தோடு சரி.

அடுத்தது வரைபடம். பொங்கோலிலிருந்து லாசரஸுக்கு எப்படிப் போவீர்கள்? தீவின் வடகிழக்கில் இறங்கி, உபினைத் தாண்டி, சாங்கியைச் சுற்றி, கிழக்குக் கரை முழுக்க ஓடி, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஓரமாகத் தெற்கே வர வேண்டும். ஒரு வழிக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். தானா மேராவிலிருந்து பாத்தாம், பிந்தான் போகிற வேகப் படகுகள் அந்தப் பக்கம்தான் பாயும். அவை கிளப்பும் அலையில் 15 அடிப் படகு தவளை மாதிரித் தாவும். உங்கள் அப்பாவின் முதுகெலும்பு எண்ணிப் பார்க்கும்.

ஞாயிறுப்படகு
ஐயா, நாற்பதா? எம்ஆர்டி ரயில் வரைபடத்தைப் பார்த்து நானே ஏமாந்துவிட்டேன் போலிருக்கிறது. எரிபொருள் எவ்வளவு பிடிக்கும்?

உப்புக்காற்று
ஆறு வருடம் ஜெட் படகு வைத்திருந்தேன், போன வருடம் விற்றேன். கசப்பு ஒன்றும் இல்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இந்த அளவு படகு, மணிக்கு 40 கி.மீ. போல நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். முழு விசையில் 50க்குக் குறையாது. போய்வர 85, 90 கி.மீ. என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், அதாவது 60 லிட்டர் பக்கம். உங்கள் டாங்கி 75. கடலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம். அப்படிப் பார்த்தால் போவதற்கு உங்களுக்கு 25 லிட்டர்தான். லாசரஸ் வரை பத்தாது. அங்கே போய் டியூப் இழுத்தால் அதற்குத் தனிக் கணக்கு.

ஒரு லிட்டர் மூன்று வெள்ளிக்குப் பக்கம் நிற்கிறது. எல்லா மெரினாவிலும் பெட்ரோல் கிடைத்துவிடாது, டீசல் மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே படகு தெற்கே செந்தோசா கோவ் மெரினாவிலோ கெப்பல் விரிகுடாவிலோ இருந்தால் கதையே வேறு. லாசரஸ் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் அங்கே இட வாடகையைக் கேட்டால் உங்கள் வீட்டம்மா பல் கம்பியைத் தங்கத்திலேயே கட்டச் சொல்லிவிடுவார்.

தென்றல்_சாங்கி
எல்லாரும் சேர்ந்து அவரைக் கரையிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள் அண்ணன்மாரே! எங்களிடம் நாலு வருடமாக ஜெட் படகு இருக்கிறது, 19 அடி. என் பிள்ளைகள் இருவரும் படகு இழுக்கப் பலகை மேல் நின்று போகிற வேக்போர்டு ஆடுகிறவர்கள். விசையைத் தொட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறாமல் சட்டென்று பலகை போல எழுந்து ஓடும். பின்னால் அகலமான மேடை, அதில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே பாதி ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எஞ்சினைப் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு படகில் அந்த இடத்தில் எஞ்சின் நிற்கும்.

ஆனால் 'புரொப்பெல்லர் இல்லை, அதனால் பாதுகாப்பு' என்பதில் பாதிதான் உண்மை. வெட்டுகிற இலை வெளியே இல்லை, சரி. அடியில் உறிஞ்சுகிற வாய் இருக்கிறதே! அவிழ்ந்த முடி, லைஃப் ஜாக்கெட் வார், இழுவைக் கயிறு, எதையும் இழுக்கும். பின்னால் அடிக்கிற நீர்த்தாரை இன்னும் மோசம். அதன் நேரே பின்பக்கமாக விழுந்தால் உடம்புக்குள் காயம் ஆகும், அதனால்தான் வெட்சூட் கால்சட்டை போடச் சொல்லி எச்சரிக்கைத் தாளே ஒட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டுச் சட்டம்: எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரும் இருக்கக் கூடாது. குளிக்க இறங்கும் முன் சாவியும், இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறும் என் கழுத்துக்கு வந்துவிடும்.

கட்டுமரம்60
இது நல்ல சட்டம் அம்மா.

ஞாயிறுப்படகு
நன்றி அக்கா, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓட்டுவது எப்படி? பயிற்சியில் நான் பிடித்தது அவுட்போர்டு மட்டும்தான்.

உப்புக்காற்று
அங்கேதான் எல்லாரும் முதல் அடி வாங்குவார்கள். நானும் வாங்கினேன்.

வாங்கிய இரண்டாவது வாரம். வற்று நீர் இழுத்துக்கொண்டிருந்தது. மிதவைத் துறைக்கு வருகிறேன், கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன் என்று தோன்றியது. காரில் செய்வதுபோல விசையை முழுக்க விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தேன். படகு திரும்பவே இல்லை. வந்த நேர்கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு போனது. ஜெட் படகில் பின்னால் சுக்கான் கிடையாது. பீய்ச்சுகிற தண்ணீர்தான் சுக்கான், விசையை விட்டால் அதுவும் போச்சு. துறை ஓரத்தில் ஒரு சீனப் பெரியவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். என் மூக்கு அவருடைய ஐஸ் பெட்டியைத் தள்ள, அது தண்ணீரில் விழுந்து, உள்ளே இருந்த மூன்று மீனும் மிதந்து போனது. அவர் திட்டவில்லை. பெட்டியைக் காட்டி "யூ டிரைவ் டாக்சி ஆ?" என்று மட்டும் கேட்டார்.

திரும்ப வேண்டுமென்றால் விசை கொடுக்க வேண்டும். பயத்தில் கை போகிற திசைக்கு இது நேர் எதிர். பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. நியூட்ரலும் முழு நியூட்ரல் கிடையாது. பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், பீய்ச்சுகிற வாய்க்குப் பின்னால் இருக்கும் பக்கெட் என்கிற மூடி பாதி இறங்கி நீரை முன்னும் பின்னுமாகப் பிரித்துவிடும், அவ்வளவுதான். அதனால் படகு ஊர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாகப் போனால் மூக்கு இடமும் வலமும் அலையும். தூண்டிலை மெல்ல இழுத்துக்கொண்டு போக நினைத்தால் அப்பா இரண்டாம் முறை வர மாட்டார்.

மெக்கானிக்_மாமா
நம்ம ஏரியா வந்துவிட்டது, நாலு வார்த்தை.

ஜெட் படகு பிறந்ததே கடலுக்காக இல்லை. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர் 1950களில் தன் ஊர் ஆறுகளில் ஓட்டுவதற்காக உருவாக்கியது. கூழாங்கல் ஆறு, முழங்கால் ஆழம், புரொப்பெல்லர் போட்டால் உடையும். அதற்கு இது அருமையான விடை. இங்கே நமக்கு இருப்பது ஆறா? உப்புத் தண்ணீர், வெதுவெதுப்பு, குப்பை. மூன்றுமே பம்புக்கு ஆகாது.

அவுட்போர்டைத் தண்ணீரிலிருந்து மடக்கித் தூக்கிவிடலாம். ஜெட் பம்பைத் தூக்க முடியாது. படகைத் தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பம்பு வாயில் கொட்டலசு, அதான் ஓடுள்ள கடல் பூச்சி, ஒட்ட ஆரம்பிக்கும். சுரண்டப் போனால் முழங்கை வரை கீறல் மிச்சம். நீங்கள் உலர் மேடை என்கிறீர்களே, இந்த முழு இழையிலும் உங்களுக்குச் சாதகமான ஒரே விஷயம் அதுதான். விடாதீர்கள்.

அந்த 2010 படகைப் பற்றி. சீ-டூ படகுப் பிரிவை அந்த நிறுவனம் 2012இல் மூடிவிட்டது. அவர்களுடைய வாட்டர் ஸ்கூட்டரில் வருகிற ரோட்டாக்ஸ் குடும்ப எஞ்சின்தான் இதிலும் என்பதால் எஞ்சின் சாமான் தேடினால் கிடைக்கும். படகுக்கென்றே வார்த்த பாகங்கள், இருக்கை, மூடி, கண்ணாடி உடைந்தால்தான் அலைச்சல். அந்தக் காலச் சூப்பர்சார்ஜருக்கு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் செய்யும் வேலை உண்டு. உள்ளே செராமிக் வாஷர் உடைந்து எண்ணெயில் கலந்து எஞ்சினையே தின்றதைப் பார்த்திருக்கிறேன். யார் செய்தார்கள், எப்போது என்று ரசீது கேளுங்கள். வாய்மொழிக்கு மதிப்பு இல்லை.

போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். அடியில் குனிந்து தண்ணீர் உறிஞ்சும் வாய் வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் சக்கரத்தின் இலை ஓரம் கத்தி போல நேராக இருக்க வேண்டும். எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தால் கல் உறிஞ்சியிருக்கிறது. இலை நுனிக்கும் சுற்றியுள்ள தேய்மான வளையத்துக்கும் நடுவே விரல் நகம் தாராளமாகப் போனால் பம்பு இழுக்காது. எஞ்சின் கத்தும், படகு நகராது, பெட்ரோல் மட்டும் போகும். எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள், தே தாரிக், அதான் பால் டீ, நிறத்தில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். முதலில் எஞ்சினை ஓட விட்டு அப்புறம் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை முதலில் மூடி, கொஞ்சம் உறும விட்டு, எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்சாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறும்.

நண்டுக்குழம்பு
இவ்வளவும் படித்த பிறகு எனக்கு என் சைக்கிள் மேல் புது மரியாதை வந்துவிட்டது.

தென்றல்_சாங்கி
மாமா, குப்பை விஷயத்தையும் சொல்லுங்கள். அது தினசரிப் பிரச்சினை.

மெக்கானிக்_மாமா
நீங்களே சொல்லுங்கள் அம்மா, நீங்கள் ஓட்டுகிறவர்.

தென்றல்_சாங்கி
சரி. மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் ஜோகூர் நீரிணையைப் பார்த்திருக்கிறீர்களா? நிப்பா இலை, மரத்துண்டு, நைலான் வலை, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புப் பிளாஸ்டிக் பை. மார்க்கெட்டில் மீன் போட்டுத் தருவார்களே, அதே பை. அவுட்போர்டில் சிக்கினால் எஞ்சினை மடக்கிக் கையால் எடுத்துவிடலாம். ஜெட்டில் அது உறிஞ்சும் வாயின் கிராதி தாண்டி இம்பெல்லர் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

கோனி தீவுக்கும் உபினுக்கும் நடுவில் எங்களுக்கு நடந்தது. திடீரென்று எஞ்சின் ஓசை மட்டும் ஏறுகிறது, படகு நின்றுவிட்டது. 50 மீட்டர் தள்ளி ஒரு கேலோங், கடலில் கட்டிய மீன் பண்ணை. நீரோட்டம் எங்களை அதன் கயிறுகளை நோக்கித் தள்ளுகிறது. என் கணவர் உடனே கத்தியை எடுத்துக்கொண்டு குதிக்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதலில் நங்கூரம், அப்புறம்தான் கத்தி. நங்கூரம் பிடித்தது. எஞ்சின் நிறுத்தி, சாவி என் கையில் வந்தபின்தான் அவர் இறங்கினார். கிராதிக்குள் விரலை விட்டு இஞ்சு இஞ்சாக இழுத்து அறுத்து எடுக்க 25 நிமிடம். வெளியே வந்தது அரிசி மூட்டைக் கோணிப்பையில் பாதி, தாய்லாந்து அரிசி, யானைப் படம்கூடத் தெரிந்தது. வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொன்று. அந்த நீரிணை நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது. எஞ்சின் செத்த படகு எல்லையைப் பார்த்து மிதக்காது. அதனால் சின்னப் படகானாலும் நல்ல நங்கூரமும், போதுமான கயிறும், தண்ணீர் புகாத உறையில் தொலைபேசியும், கைவானொலியும் இல்லாமல் நான் துறையை விட்டு நகர மாட்டேன்.

கட்டுமரம்60
வானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் வருகிற சுமத்ரா சூறைக்காற்று. மேற்கே கறுப்புக் கோடு ஒன்று தெரியும், அரை மணியில் தலைக்கு மேல். 15 அடிப் படகில் சாங்கி முனைக்கு வெளியே அது பிடித்தால் எந்த எஞ்சின் என்பது பற்றியெல்லாம் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் படகு 17 அடி, 90 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு. உப்புக்காற்று சொன்ன அதே வேகத்தில் 17, 18 லிட்டர்தான். மூக்கில் நின்று தூண்டில் போடலாம், நடுவில் நிழல் கூரை. அழகில்லை, என் மருமகள் அதை மீன்பெட்டி என்கிறாள். இருக்கட்டும்.

உப்புக்காற்று
ஐயாவுக்கு ஒரு மறுப்பு. அவுட்போர்டு எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. ஆழம் குறைந்த மணல் திட்டில் நான் ஜெட்டில் போன இடங்களுக்கு அவர் படகு போகாது. ஆனால் அங்கேயும் மிதந்து போவது வேறு, விசை கொடுப்பது வேறு. அடியில் ஒரு மீட்டராவது தண்ணீர் இல்லாமல் விசை கொடுத்தால் மணலையும் பவளத் துண்டையும் குடித்துவிடும். ஒரு அடி ஆழம் போதும் என்று விளம்பரத்தில் போடுவது, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு.

ஞாயிறுப்படகு, நான் ஒன்று கேட்கிறேன். ஒரு மாதத்தில் நாலு ஞாயிறு. ஒன்று மழை, ஒன்று யார் வீட்டிலாவது கல்யாணம், பிறந்தநாள். மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் தூண்டிலா, டியூபா? இரண்டும் என்று சொல்லாதீர்கள்.

ஞாயிறுப்படகு
இதை மனைவியிடமும் அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். வீடே இரண்டு கட்சி. நாளைக்கு விற்பவர் ஒரு சுற்று அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறார். டார்ச் வாங்கிவிட்டேன். வந்து எழுதுகிறேன்.

நண்டுக்குழம்பு
அப்பா போகிறாரா? அவர் தீர்ப்புதான் தீர்ப்பு.

ஞாயிறுப்படகு
போய் வந்தோம். நான், அப்பா, பெரியவள்.

டார்ச் அடித்ததில் இம்பெல்லர் ஓரம் சுத்தம். எண்ணெய் நல்ல நிறம். சூப்பர்சார்ஜர் வேலைக்கு ரசீது இருக்கிறது, இரண்டு வருடம் முன்பு செய்தது. மாமா, விற்பவரே என்னிடம் 'யார் சொல்லிக் கொடுத்தது?' என்று கேட்டார்.

கடலில் இறங்கி விசை கொடுத்ததும் பெரியவள் கத்திய கத்தல் உபினில் கேட்டிருக்கும். வட்டமாக ஒரு சுழற்று சுழற்றினார், முகமெல்லாம் உப்பு. பத்து நிமிடம் நானும் பதினொரு வயதுப் பிள்ளைதான். அப்புறம் என் கையில் கொடுத்தார். துறைக்குத் திரும்பும்போது, இத்தனை படித்த பிறகும், என் கை தானாக விசையை விட்டுவிட்டது. விற்பவர் குறுக்கே கைநீட்டிக் கொஞ்சம் விசை கொடுத்தார், படகு திரும்பியது. யாருடைய ஐஸ் பெட்டியும் விழவில்லை.

நடுவில் ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்தி அப்பாவைத் தூண்டில் போடச் சொன்னோம். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர், படகுக்குப் புதியவர் இல்லை. இருக்கை தாழ்வு, முட்டி மடங்கி எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நிற்க இடம் இல்லை. நிழல் இல்லை. அரை மணி உட்கார்ந்தார், ஒரு சின்ன கெளுத்தி மாட்டியது, அவிழ்த்துவிட்டார். காரில் ஏறியதும், "படகு நல்ல படகுப்பா. நான் கரையில இருந்து போட்டுக்கறேன், நீ பிள்ளைங்களோட போ" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வாங்க மனம் வரவில்லை. இன்று காலை விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனிதர் நல்லவர், வருத்தப்படவில்லை. கட்டுமரம் ஐயா, உங்கள் மீன்பெட்டி மாதிரி ஒன்றை இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கினால் எப்படி இருக்கும்? என் மைத்துனன் பாதி போடுகிறேன் என்கிறான்.

கட்டுமரம்60
சேர்ந்து வாங்குவதென்றால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எந்த வாரம், யார் கழுவுவது, காப்பீடு யார் பெயரில், ஒருவர் விலகினால் என்ன விலை. மைத்துனன் என்பதால் இரண்டு முறை எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள், என் படகில் போவோம். தொப்பி மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள், ரால் நான் கொண்டு வருகிறேன்.

தென்றல்_சாங்கி
ஞாயிறுப்படகு, அந்த விற்பவர் எண்ணைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? என் தம்பிக்கு. மூன்று பேர் வீடு, யாரும் மீன் பிடிப்பதில்லை.

நண்டுக்குழம்பு
மீன் சாப்பிடுவார்களா?